145: நஞ்சைக் காதால் எடைபோடுபவர்கள்

சூரிச்சின் ஓர்லிகோனில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா அரிசி களைந்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு வயதுப் பிள்ளை பாத்திரம் கழுவும் திரவத்தை எடுத்து வாயில் ஊற்றிவிட்டது. வாயோரம் நுரை வழிகிறது. பிள்ளை இருமி, ஒருமுறை சத்தி எடுத்து, வீடே அதிர அழுகிறது. அதே மாலை இன்னொரு வீட்டில், உணவகத்தில் வேலை செய்யும் ஒருவருக்குப் பல்வலி. பல் மருத்துவரிடம் போக நேரம் கிடைக்கவில்லை. இரண்டு நாளாகக் கைக்கு எட்டிய வலி மாத்திரைகளை எல்லாம் மாறிமாறிப் போட்டிருக்கிறார். கொஞ்சம் கூடிவிட்டதோ என்று மனைவிக்குத்தான் பயம். அவரோ நன்றாகச் சாப்பிடுகிறார், சிரித்துக் கதைக்கிறார்.

இரு வீட்டாரும் 145 என்ற எண்ணை அழைக்கிறார்கள். பிள்ளையின் அம்மாவுக்குக் கிடைக்கும் பதில், வாயைத் துடைத்துவிட்டு வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்பது. பல்வலிக்காரருக்கோ, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள் என்று சொல்லப்படுகிறது. இரண்டு பதிலும் கண்ணுக்குத் தெரிவதற்கு நேர்மாறு. ஆளைப் பார்க்காமல், தொட்டுச் சோதிக்காமல், தொலைபேசியில் சில நிமிடம் கேட்டுவிட்டு ஒருவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, அது எப்படி?

145 சுவிற்சர்லாந்து முழுவதற்குமான நச்சு அவசர எண். அழைப்பு போய்ச் சேரும் நிலையத்தின் பெயர் டொக்ஸ் இன்ஃபோ சூயிஸ். ஓர்லிகோனிலிருந்து பார்த்தால் சூரிச்பேர்க் குன்றுக்கு அந்தப் பக்கம், ஹொட்டிங்கன் பகுதியில் இருக்கிறது. மருந்தாளர் சங்கத்தின் முயற்சியில் 1966-ல் தொடங்கப்பட்டது. இரவு பகல் பாராமல் ஆண்டு முழுதும் இயங்குகிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 பேர் கேட்கிறார்கள். அப்படியென்றால் ஒரு நாளைக்கு நூறுக்கு மேல். எதிர்முனையில் பேசுபவர்கள் நஞ்சியலில், அதாவது நஞ்சுகளைப் பற்றிய அறிவியலில், பயிற்சி பெற்ற மருத்துவர்களும் மருந்தாளர்களும். அழைப்பவர்களில் பெரும்பாலானோர் சாதாரணப் பொதுமக்கள். மிச்சம் ஆஸ்பத்திரி மருத்துவர்கள், மருந்தகங்கள். நாய் சாக்லேட் தின்றுவிட்டது என்று கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு.

இப்படியொரு நிலையம் வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையதல்ல. சிக்காகோவில் லூயிஸ் க்டால்மன் என்ற மருந்தாளர், எந்த வீட்டுப் பொருளில் என்ன இருக்கிறது, அதை விழுங்கினால் என்ன செய்வது என்று அட்டைகளில் எழுதிச் சேர்த்து வந்தார். அந்த நகரத்தில்தான் 1953-ல் முதல் நச்சுக் கட்டுப்பாட்டு மையம் அமைந்தது. கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியில் 1988-லும், தில்லி எய்ம்ஸில் 1995-லும் தேசிய நச்சுத் தகவல் மையங்கள் வந்தன.

அழைப்பை எடுப்பவர் முதலில் உறுதிசெய்வது, ஆளுக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்பதை. அது சரியென்றால்தான் கேள்விகள் தொடங்கும். யார், என்ன வயது, எத்தனை கிலோ? எந்தப் பொருள்? எவ்வளவு? எப்போது? விழுங்கியதா, கண்ணில் பட்டதா, மூச்சில் போனதா? இப்போது எப்படி இருக்கிறார்? இதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியமானது. பதற்றத்தில் நாம் கொடுத்த உப்புத் தண்ணீர், விழுங்கிய பொருளைவிடக் கூடுதலாகக் கெடுத்திருக்கக்கூடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. இங்குள்ள குடியிருப்புகளின் வேலியோரங்களில் யூ என்ற ஊசியிலை மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனில் ஐபெ என்பார்கள். அதில் சிறிய சிவப்புப் பழங்கள் காய்க்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சிவப்பைக் கண்டால் கை நீளும். அந்த மரத்தில் நஞ்சில்லாத ஒரே பகுதி அந்தச் சிவப்புச் சதைதான். நடுவில் இருக்கும் கொட்டையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆனால் கொட்டையின் ஓடு கெட்டி. கடிக்காமல் விழுங்கினால் அது அப்படியே வெளியே போய்விடும். அதனால் எத்தனை பழம் என்பதோடு, மென்றதா விழுங்கியதா என்றும் கேட்பார்கள்.

எடையை ஏன் கேட்கிறார்கள்? அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை 1538-ல் எழுதி வைத்தவர் பாராசெல்சஸ். சூரிச்சிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஐன்சீடெல்னில் பிறந்த மருத்துவர் அவர். நம்மவர்களில் பலர் கறுத்த மாதாவைக் கும்பிடப் போகிற அதே ஐன்சீடெல்ன்தான். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு, அளவு மட்டுமே ஒன்றை நஞ்சு இல்லாததாக்குகிறது என்பது அவர் வாதம். உப்பும் தண்ணீரும்கூட அளவு மீறினால் ஆளைக் கொல்லும். ஒரே மாத்திரை 70 கிலோ எடையுள்ள தகப்பனின் உடம்பில் பரவுவதற்கும் 10 கிலோ பிள்ளையின் உடம்பில் பரவுவதற்கும் வித்தியாசம் ஏழு மடங்கு. ஆகவே நஞ்சியலாளர் எப்போதும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்றே கணக்குப் போடுவார். எவ்வளவு விழுங்கினார் என்று உறுதியாகத் தெரியாதபோது, போத்தலில் குறைந்திருப்பது முழுவதும் உள்ளே போய்விட்டது என்று வைத்து, மிக மோசமான கணக்கைப் போட்டுப் பார்ப்பார். அந்தக் கணக்கிலும் ஆபத்து வரவில்லையென்றால் அழைத்தவர் நிம்மதியாகப் போனை வைக்கலாம்.

இனி, பல்வலிக்காரரிடம் வருவோம். அவர் போட்டவற்றில் இங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்த டஃபல்கான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த பனடோல் இருக்கிறது. இரவில் காய்ச்சல் குணமாக இருக்கிறது என்று கரைத்துக் குடித்த நியோசிட்ரான் தூளும் இருக்கிறது. மூன்று பெட்டி, மூன்று பெயர். உள்ளே இருப்பது ஒரே மருந்து, பாரசிட்டமால். ஒவ்வொன்றிலும் அளவோடுதான் எடுத்தேன் என்று அவர் நினைத்தார். உடம்பு மூன்றையும் கூட்டித்தான் கணக்கு வைத்திருக்கிறது.

பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் பக்குவமாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் வேறு வழியாகப் போய், கல்லீரல் உயிரணுக்களைத் தாக்கும் ஒரு பொருளாக மாறும். அதைச் செயலிழக்கச் செய்வதற்குக் கல்லீரலிடம் குளுட்டதயோன் என்ற காப்புப் பொருள் இருக்கிறது. குசினித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அளவாகத் திறந்தால் வரும் தண்ணீரெல்லாம் கீழே ஓடிவிடும், தொட்டி காய்ந்தே இருக்கும். முழுதாகத் திறந்துவிட்டால் ஓட்டை அதே வேகத்தில்தான் இறக்கும், மிச்சம் தொட்டியில் ஏறும். விளிம்பைத் தொடும் வரை தரை நனையாது. பாரசிட்டமாலும் அப்படித்தான். குளுட்டதயோன் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. அது தீர்ந்த பிறகு அணுக்கள் சாகத் தொடங்கும்.

தரை நனைவது உடனே தெரிவதில்லை. முதல் நாள் கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், அதுவும் இல்லாமல் இருக்கலாம். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கல்லீரல் பழுதானது வெளியே தெரியவரும். நஞ்சு உள்ளே போனதற்கும் குறி வெளியே தெரிவதற்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை மறைகாலம் என்று சொல்லலாம். தொலைபேசியில் பேசும் நஞ்சியலாளர் எல்லாவற்றையும்விட அஞ்சுவது இதற்குத்தான். ஆள் நன்றாக இருக்கிறார் என்ற செய்தி மறைகாலம் உள்ள நஞ்சில் எதையும் நிரூபிக்காது. வேறு சில நஞ்சுகளிலோ, சில மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்றால் இனியும் ஒன்றும் ஆகாது என்று துணிந்து சொல்லலாம். எப்போது விழுங்கினார் என்ற கேள்விக்கு இவ்வளவு எடை இருப்பது அதனால்தான்.

பாரசிட்டமாலுக்கு நல்ல நச்சுமுறி, அதாவது மாற்றுமருந்து, இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற அந்த மருந்து, கல்லீரல் குளுட்டதயோனைத் திரும்பத் தயாரிக்க உதவும். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். தாமதிக்கத் தாமதிக்க அதன் பயன் குறையும். ஒரே தடவையில் விழுங்கியவருக்கு, 4 மணி நேரம் கழித்து இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, 1975-ல் ரூமக், மத்தியூ என்ற இருவர் வெளியிட்ட ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தால் நச்சுமுறி கொடுப்பார்கள். நம் பல்வலிக்காரருக்கு இந்த வசதியும் இல்லை. அவர் இரண்டு நாளாகச் சிறுகச் சிறுக எடுத்திருக்கிறார், 'எப்போது' என்ற கேள்விக்கு அவரிடம் ஒற்றைப் பதில் கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்த்தே தீரவேண்டும்.

மறைகாலத்துக்கு இன்னொரு உதாரணம் ஒவ்வொரு வசந்தத்திலும் சூரிச்சைச் சுற்றியுள்ள காடுகளில் முளைக்கிறது. பேர்லவுக் என்கிற காட்டுப் பூண்டு. மார்ச் மாதத்திலிருந்து சுவிஸ்காரர்கள் பையோடு போய் அந்த இலையைப் பறித்துவந்து சூப்பும் பெஸ்டோவும் செய்வார்கள். நம்மவர்களில் சிலரும் பழகிவிட்டார்கள், சம்பலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதே பருவத்தில், அதே பச்சையில், அதே நீள இலையோடு வருவது ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெ என்ற செடி. அது பூப்பது இலையுதிர்காலத்தில், அப்போது இலை இருக்காது. வசந்தத்தில் இலை வரும், பூ இருக்காது. அடையாளம் காட்ட வேண்டிய பூ, தேவைப்படும் நேரத்தில் இல்லை.

ஒரு பேர்லவுக் இலையைப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு இலைக்கும் தனித்தனி மெல்லிய காம்பு இருக்கும், அடிப்பக்கம் பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும். ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெயின் இலைகளுக்குக் காம்பு கிடையாது, ஒன்றையொன்று அணைத்தபடி நிலத்திலிருந்தே எழும். கசக்கினால் பூண்டு மணக்கும் என்பதை மட்டும் நம்பக்கூடாது. இரண்டு பிடி நல்ல இலையைப் பறித்த விரல், அதன் பிறகு எந்த இலையைத் தொட்டாலும் பூண்டுதான் மணக்கும்.

ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெயில் இருக்கும் நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். இது நமக்கு அந்நியமான நஞ்சே அல்ல. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில், நவம்பரில் புலம்பெயர்ந்த தமிழர் பலர் நெஞ்சில் குத்திக்கொள்ளும் அதே கார்த்திகைப்பூவில், இருப்பதும் கொல்ச்சிசின்தான். இரண்டு செடியும் ஒரே தாவரக் குடும்பம். ஆல்ப்ஸ் புல்வெளியில் ஒன்று, வன்னிப் பற்றைக்காட்டில் மற்றொன்று. இலங்கையில் கார்த்திகைக் கிழங்கைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் இதையே கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் வயலில் பயிரிட்டு, விதையை மருந்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். கொல்ச்சிசின் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து. பாராசெல்சஸ் சொன்ன அளவுக் கணக்கு இங்கே மிகச் சிறிய இடைவெளியில் ஓடுகிறது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் தூரம் அதிகமில்லை.

கொல்ச்சிசின் என்ன செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் என்ற அமைப்புகள் உருவாகும். கொல்ச்சிசின் அவை உருவாகாமல் தடுக்கும். பிரிய வேண்டிய அணு பாதியில் நின்று இறந்துவிடும். அதனால் அடிக்கடி பிரியும் அணுக்கள் உள்ள இடங்களே முதலில் பாதிக்கப்படும். குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால். சாப்பிட்ட பல மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கும் சத்தியும் தொடங்கும், உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே பலரும் நினைப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில்தான் உறுப்புகள் தளரும். பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொட்டும். சூரிச் நிலையம் தொடங்கிய அதே 1966-ல், கார்த்திகைக் கிழங்கு உண்டு பிழைத்து உடம்பு முழுவதும் முடி உதிர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி இலங்கை மருத்துவர் குணரத்ன பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதினார். ஏப்ரல் மாதம் சூரிச்சில் ஒருவர் 145-ஐ அழைத்து, நேற்றுக் காட்டில் பறித்த இலையைச் சாப்பிட்டேன், இன்று வயிறு சரியில்லை என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறாக எடுத்துக்கொள்ளாதது ஏன் என்பதற்கு, இத்தகைய பதிவுகள்தான் விடை.

இப்போது நுரை வழியும் பிள்ளை. கையால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் பரப்பிழுவிசையைக் குறைத்து எண்ணெயைக் கரைக்கும் பொருட்கள். வாயில் எரிச்சல், கொஞ்சம் சத்தி, அவ்வளவுதான். இரத்தத்தில் கலந்து உறுப்பைக் கெடுக்கும் நஞ்சு அல்ல. உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று, நுரை பொங்கி மூச்சுக்குழாய்க்குள் போவது. ஆகவே நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கக்கூடாது, அது நுரையைப் பெருக்கும். ஒரு மிடறு போதும். தேவைப்பட்டால் குழந்தைகளின் வயிற்று வாயுவுக்குக் கொடுக்கும் சிமெட்டிகோன் சொட்டு மருந்தைச் சொல்வார்கள். அது நுரைக்குமிழ்களை உடைத்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை எடுத்தது பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூள் என்றால் பதில் அடியோடு மாறும். அது கடும் காரம், உணவுக்குழாயைப் பொசுக்கக்கூடியது. இரண்டும் குசினித் தொட்டிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவே.

இவையெல்லாம் எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்குச் சவர்க்காரத்தைக் கொடுத்து யாரும் சோதிக்க முடியாது. விலங்குச் சோதனை ஓரளவுதான் உதவும். புத்தகங்களில் வரும் நோயாளிக் கதைகளிலும் ஒரு கோணல் இருக்கிறது. இறந்தவரைப் பற்றி மருத்துவர் கட்டுரை எழுதுவார். விழுங்கிவிட்டு ஒன்றும் ஆகாமல் விளையாடப் போன ஆயிரம் பிள்ளைகளைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றாது. எனவே புத்தகத்தை மட்டும் படித்தால் எல்லாமே கொடிய நஞ்சாகத் தெரியும்.

நத்தார் காலத்தில் மிக்ரோஸ், கோப் கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் சிவப்பு இலைச் செடி, பொயின்செட்டியா, நல்ல உதாரணம். 1919-ல் ஹவாயில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்தது என்ற கதையை வைத்து, கொடிய நஞ்சு என்ற பெயர் பல பத்தாண்டுகள் அதன்மேல் ஒட்டியிருந்தது. அமெரிக்க நச்சு மையங்களுக்கு இந்தச் செடி பற்றி வந்த 22,793 அழைப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1996-ல் வெளிவந்தது. ஒரு மரணம்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்தக் குறியும் வரவில்லை. தொலைபேசி மையம் செய்கிற மிகப் பெரிய அறிவியல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒன்றும் ஆகாதவர்களையும் அது எண்ணிக்கையில் சேர்க்கிறது. சூரிச் நிலையமும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களின் மருத்துவரிடம், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதிக் கேட்கிறது. திரும்பிவரும் அறிக்கைகளைக் குறி இல்லை, லேசு, நடுத்தரம், கடுமை, மரணம் என்று தரம் பிரித்துச் சேமிக்கிறது. பெரும்பாலானவை முதல் இரண்டு தரத்தில் அடங்கிவிடும். வீட்டிலேயே இருங்கள் என்ற பதில் சும்மா ஆறுதலுக்குச் சொல்வது அல்ல, அப்படி எண்ணிச் சேர்த்த அறிவிலிருந்து வருவது.

சிகிச்சைகளையும் இப்படிச் சோதித்துப் பார்த்துத்தான் கைவிட்டார்கள். அதில் ஒரு பெரிய சோதனை நடந்தது இலங்கையில். நஞ்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செயலூட்டிய கரித்தூளை நஞ்சுண்டவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பார்கள். கொடுப்பது தர்க்கத்துக்குச் சரியாகத்தான் படும். 2002 முதல் 2004 வரை அநுராதபுரம் உள்ளிட்ட மூன்று ஆஸ்பத்திரிகளில் மைக்கேல் எடில்ஸ்டன் தலைமையிலான குழு 4,632 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குப் பல தடவை கரி, ஒரு பிரிவினருக்கு ஒரு தடவை, ஒரு பிரிவினருக்குக் கரியே இல்லை. 2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இறந்தவர்கள் முறையே 6.3, 7.1, 6.8 சதவீதம். சொல்லும்படியான வேறுபாடு கிடையாது. அவர்களில் பலர் நஞ்சுண்டு சில மணி நேரம் கழித்தே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேறு நஞ்சுக்கு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் கரிக்கு இன்னும் இடமுண்டு. ஆனால் எல்லாருக்கும் எப்போதும் கொடு என்ற பழக்கம் அந்தச் சோதனையோடு ஆட்டம் கண்டது. நம் ஊர்ப் பக்கத்து நோயாளிகள் கொடுத்த பதில், உலகெங்கும் நச்சு மையங்கள் கொடுக்கும் ஆலோசனைக்குள் இப்போது இருக்கிறது.

சத்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான் போயிற்று. அமெரிக்க வீடுகளில் சத்தி வரவழைக்கும் இப்பிக்காக் மருந்து ஒரு காலத்தில் கட்டாயம் போல இருந்தது. எவ்வளவு நஞ்சு வெளியே வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறியது, அதனால் நோயாளிகள் கூடுதலாகப் பிழைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 1997-ல் ஐரோப்பிய, அமெரிக்க நஞ்சியல் அமைப்புகள் சேர்ந்து, வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றன. 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என்றது. நம் வீடுகளில் இன்னும் புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், தொண்டைக்குள் விரல். கடும் காரப் பொருள் என்றால் அது மேலே வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் தடவை பொசுக்கும். மண்ணெண்ணெய், அலங்கார விளக்குகளில் ஊற்றும் எரிதிரவம் போன்றவை என்றால் நுரையீரலுக்குள் இறங்கும், அங்கேதான் அவற்றின் உண்மையான ஆபத்து. உப்புத் தண்ணீர் சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பையும் சாவையும் கொண்டுவரலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அம்மம்மாமாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது எதிர்முனையில் எப்படித் தெரியும்? சுவிற்சர்லாந்தில் ரசாயனப் பொருள் விற்கும் நிறுவனங்கள் அவற்றின் உட்கலவையை அரசுப் பதிவேட்டில் கொடுக்கவேண்டும். நச்சு நிலையம் அதைப் பார்க்க முடியும். புதிய போத்தல்களில் யூஎஃப்ஐ என்று தொடங்கி நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்க எழுத்துக் குறியீடு ஒன்றைக் காணலாம். அதை வாசித்துச் சொன்னால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது எதிர்முனையில் திரையில் வந்துவிடும். ஆனால் நம் வீட்டுச் சாமியறைத் தட்டில் இருக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் அந்தக் குறியீடு இராது.

கற்பூரத்தைத்தான் சொல்கிறேன். வெள்ளையாக, சீனிக்கட்டி மாதிரி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில். ஊதுபத்தியும் திருநீறும் இருக்கும் தட்டில் அதுவும் இருப்பதால் அதை நஞ்சென்று நாம் நினைப்பதே இல்லை. கற்பூரம் குடலில் வேகமாக உறிஞ்சப்பட்டு மூளைக்குப் போய்விடும். சின்னப் பிள்ளைக்குச் சிறு துண்டே போதும், சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. இதற்கு நச்சுமுறி இல்லை, ஆஸ்பத்திரியில் வலிப்பைத்தான் அடக்குவார்கள். நியூயோர்க் பிரொங்ஸ் பகுதியில் கற்பூரத்தால் வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி 2009-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தக் கற்பூரம் பூச்சியை விரட்டவும், சளிக்குத் தடவவும், வழிபாட்டுக்கும் வீட்டில் வாங்கி வைத்திருந்தது. விழுங்கிய பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் இங்கே தவறு. கற்பூரம் கொழுப்பில் கரையும், பால் அதை இன்னும் சுலபமாக உள்ளே சேர்க்கக்கூடும். அதுபோலவே வெற்றிலைத் தட்டிலுள்ள சுண்ணாம்பு. அது கண்ணில் பட்டால் வேறெதையும் யோசிக்காமல் குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து 15 நிமிடமாவது கழுவவேண்டும், அதன் பிறகுதான் தொலைபேசி.

145-ல் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பேசலாம். ஆங்கிலத்திலும் சமாளிக்கலாம். தமிழ் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்ட பகல் நேரத்தில் பேரப்பிள்ளையோடு தனியே இருப்பது பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பப்பாவோதான். எனக்கு இதுதான் மிகப் பெரிய கவலை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எண்ணோடு சேர்த்து, ஜெர்மனில் ஒரு துண்டில் எழுதி ஒட்டிவையுங்கள்: பிள்ளையின் வயது, எடை, வீட்டு முகவரி, வீட்டிலுள்ள கற்பூரம், சித்தாலேப தைலம், யூக்கலிப்டஸ் எண்ணெய் போன்றவற்றின் ஜெர்மன் பெயர். கற்பூரத்துக்கு கம்ப்ஃபர் என்று சொன்னால் போதும். எடை மாறும்போது துண்டையும் மாற்றுங்கள். வேண்டுமென்றே மாத்திரை விழுங்கிய ஒருவருக்காக அழைத்தாலும் 145-ல் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். மனம் உடைந்து யாரிடமாவது கதைக்கவேண்டும் என்றால் 143 என்ற எண்ணில் இரவு பகல் ஆள் இருக்கிறது. பிள்ளைக்கு நினைவில்லை, வலிப்பு வருகிறது, மூச்சு திணறுகிறது என்றால் 145 வேண்டாம், நேரே 144-ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்திவைத்து, பெட்டியையோ போத்தலையோ அவர்களிடம் கொடுக்க எடுத்து வையுங்கள்.